கிரகணம் வந்தால் வதந்தியும் ஏன் கூடவே வருகிறது?

2025 ஜூலையில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. ஆகஸ்ட் 2 அன்று உலகமே ஆறு நிமிடம் இருளில் மூழ்கப்போகிறதாம். அன்றைக்குக் கிரகணமே கிடையாது. ஆனால் அந்த ஆறு நிமிடம் கற்பனையும் அல்ல. 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சோர் பக்கம் முழுச் சூரிய கிரகணம் 6 நிமிடம் 23 விநாடி நீடிக்கும். யாரோ ஆண்டை மாற்றி, சுமார் 250 கி.மீ. அகலமுள்ள நிழலை உலகம் முழுக்க விரித்துவிட்டார்கள். கிரகண வதந்திகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். உள்ளே ஒரு துண்டு உண்மை இருக்கும், அதன்மேல்தான் மீதியெல்லாம் கட்டப்பட்டிருக்கும்.

முதலில் வானத்துக் கணக்கு. நிலவின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு ஏறத்தாழ 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் எல்லா அமாவாசையிலும் நிலவின் நிழல் பூமிமேல் விழுவதில்லை. இரு தளங்களும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளில் ஒன்றின் அருகே சூரியன் இருக்கும்போது அமாவாசை வந்தால்தான் சூரிய கிரகணம். பஞ்சாங்கத்தில் ராகு, கேது என்று வருபவை இந்த இரண்டு புள்ளிகளே. சூரியன் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு வர சுமார் 173 நாள் ஆகும். ஒவ்வொரு முறையும் ஒரு சூரிய கிரகணமும் ஒரு சந்திர கிரகணமும் இரண்டு வார இடைவெளியில் வரும், சில சமயம் மூன்று கிரகணங்கள்கூட வரும். ஆக, உலகக் கணக்கில் கிரகணம் சர்வசாதாரணம், ஆண்டுக்குக் குறைந்தது நான்கு உண்டு. ஆனால் ஒரே ஊரில் நின்று முழுச் சூரிய கிரகணம் பார்க்க சராசரியாக 375 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பார்க்கிறவருக்கு அபூர்வம், நாள்காட்டிக்கு வாடிக்கை. வதந்தி பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

"கிரகணத்துக்குப் பின் பூகம்பம் வரும்" என்பதை எடுத்துக்கொள்வோம். 1999 ஆகஸ்ட் 11 அன்று முழு கிரகணம் துருக்கி வழியாகப் போனது. ஆறே நாளில் அங்கேயே இஸ்மித்தில் பூகம்பம். 2001 ஜனவரி 9 அன்று சந்திர கிரகணம், 26 அன்று குஜராத்தில் பூகம்பம். கேட்கவே பகீரென்று இருக்கும். இப்போது ஒரு சின்னக் கணக்கு. பூகம்பத்துக்கும் கிரகணத்துக்கும் முன்பின் 30 நாள் இடைவெளி இருந்தால் "தொடர்பு உண்டு" என்று வைத்துக்கொள்ளலாம். முதல் கிரகணத்துக்கு முன் 30 நாள், இரண்டு கிரகணங்களுக்கு நடுவே 15 நாள், கடைசிக்குப் பின் 30 நாள். மொத்தம் 75 நாள். 173 நாளில் 75 என்றால் 43 விழுக்காடு. அதாவது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு எந்தத் தேதியைத் தொட்டாலும், அது ஏதோ ஒரு கிரகணத்தின் "விளைவாக" அமைய கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு. மிஞ்சிய 57 விழுக்காட்டை யாரும் எண்ணுவதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி, அதற்கு முந்தைய கிரகணம் முடிந்து 59 நாள் கழித்து வந்தது. அதனால் கிரகணப் பட்டியலில் அதைக் காண மாட்டீர்கள்.

கொரோனாவுக்கும் இதே கதை. 2019 டிசம்பர் 26 அன்று வளைய கிரகணம் கோவை, திண்டுக்கல், திருச்சி, யாழ்ப்பாணம் என்று கடந்து போனது. கிரகணத்தின்போது விண்ணில் ஏற்பட்ட மாற்றம்தான் வைரஸை உருவாக்கியது என்று அடுத்த ஜூனில் சென்னையிலிருந்து ஒருவர் சொன்னது நாடு முழுக்கச் செய்தியானது. வூஹானில் நோயாளிகளுக்கு அறிகுறி தெரியத் தொடங்கியது டிசம்பர் முதல் பாதியிலேயே. விளைவு முந்திவிட்டது, காரணம் பிந்திவிட்டது!

அதே கிரகணத்தின்போது தமிழ்நாட்டில் பல வீடுகளில், அந்த நேரத்தில் மட்டும் உலக்கை தானாக நிற்கும் என்ற நம்பிக்கையில், தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதை நிறுத்தினார்கள். நின்றது. நிற்கத்தான் செய்யும். 130 செ.மீ. நீளமும் 6 செ.மீ. விட்டமும் உள்ள உலக்கையின் எடைமையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருக்கும். பூண் போட்ட அடி தட்டையாக இருந்தால், அது இரண்டரை டிகிரி சாயும்வரை விழாது. உச்சியில் அளந்தால் அது ஏறக்குறைய 6 செ.மீ. சாய்வு. பொறுமையாகப் பிடித்துச் சமன்செய்து கையை எடுக்க இது தாராளம். சூரியனும் நிலவும் சேர்ந்து மேலே இழுக்கின்றன என்கிறார்களே? இழுப்பது உண்மைதான். எவ்வளவு என்பதுதான் கேள்வி. கடல் மட்டத்தை ஏற்றி இறக்கும் ஓத விசை, இரண்டினுடையதும் கூடினாலும் புவியீர்ப்பில் ஒரு கோடியில் ஒன்றரைப் பங்குதான் வரும். 3 கிலோ உலக்கைக்கு அது அரை மில்லிகிராம், ஒரு கொசுவின் எடையில் கால்வாசிகூட இல்லை. அந்த இழுப்பும் எல்லா அமாவாசைக்கும் உண்டு. சந்தேகம் இருப்பவர்கள் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மட்டமான தரையில் நிறுத்திப் பார்க்கலாம். அடி தேய்ந்து உருண்டையாகிவிட்ட உலக்கை மட்டும் எந்த நாளிலும் நிற்காது.

கண் விஷயம் வேறு. இங்கே ஆபத்து நிஜம், காரணத்தைத்தான் தப்பாகச் சொல்கிறார்கள். கிரகணத்தில் விசேஷக் கதிர் எதுவும் கிளம்புவதில்லை. தினம் வரும் அதே வெயில்தான். வழக்கமான நாளில் கூச்சத்தால் ஓரிரு விநாடியில் பார்வையைத் திருப்பிவிடுவோம். பெரும்பகுதி மறைந்ததும் கூச்சம் குறைகிறது, கண்பாவை விரிகிறது, ஆனால் மிஞ்சிய பிறையின் ஒவ்வொரு புள்ளியும் பழைய பிரகாசத்தோடு விழித்திரையில் குவிகிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. பாதிப்பு தெரிய பல மணி நேரம் ஆகலாம், பெரும்பாலும் மறுநாள் காலையில் பார்வையின் நடுவே மங்கலாகத் தெரியும். வெளியே போனவர் இரவு நன்றாகத் தூங்கி, காலையில் பார்வை மங்கி எழுந்தால் "விஷக் கதிர்" என்று ஊர் பேசாமல் என்ன செய்யும்? 1980 பிப்ரவரி 16 கிரகணத்தன்று மக்களை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க தூர்தர்ஷன் சினிமா போட்டது. பாதுகாப்பாகப் பார்க்கும் வழியைச் சொல்வதைவிட அது சுலபம். ஆனால் ஓர் அரசே கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னால் பயம் உறுதிப்படத்தானே செய்யும்.

கிரகணத்தில் வெளியே வந்தால் குழந்தைக்கு உதடு பிளந்துவிடும் என்று கர்ப்பிணிகளுக்குக் காட்டப்படும் பயம் மெக்சிகோவிலும் உண்டு. நிலவைக் கடித்தது போலக் குழந்தையின் வாயும் ஆகும் என்ற ஒப்புமைதான் அங்கே அடிப்படை. கருவின் மேலுதடு ஏழாம் வாரத்துக்குள் கூடிவிடுகிறது. ஐந்தாம் மாதத்தில் வரும் கிரகணம் அதைப் பிளக்க வழியில்லை.

சதிக் கோட்பாடுகள் கொஞ்சம் நவீனமானவை. அங்கே ராகுவின் இடத்தில் அரசாங்கம். 2024 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவைக் கடந்த கிரகணத்துக்கு முன், நிழல் போகும் பாதையில் நினிவே என்ற பெயரில் ஏழெட்டு ஊர்கள் இருப்பதாகவும், பைபிளில் அந்தப் பெயருள்ள நகரத்துக்கு வந்தது போல இதுவும் எச்சரிக்கை என்றும் பரப்பினார்கள். முழு மறைப்புப் பாதையில் இருந்தவை இரண்டுதான். 150 கி.மீ.க்கு மேல் அகலமும் ஆயிரக்கணக்கான கி.மீ. நீளமும் உள்ள பட்டையை வரைபடத்தில் இழுத்தால் வேண்டிய பெயர் சிக்காமல் போகாது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வு மையம் அன்றுதான் துகள் மோதியை இயக்கப்போகிறது என்றார்கள். அந்த ஆண்டின் மோதல்கள் ஏப்ரல் 5 அன்றே தொடங்கிவிட்டன.

இவற்றுள் சுவையானது நாசாவின் மூன்று ராக்கெட்டுகள். வெளிச்சம் திடீரென்று குறையும்போது, மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த மேல் வளிமண்டல அடுக்கான அயனி மண்டலம் எப்படிக் கலைகிறது என்று அளக்க, வர்ஜீனியாவின் வாலப்ஸ் தளத்திலிருந்து கிரகண உச்சத்துக்கு 45 நிமிடம் முன்பு ஒன்று, உச்சத்தில் ஒன்று, 45 நிமிடம் கழித்து ஒன்று என்று ஏவினார்கள். திட்டத்தின் பெயர்ச் சுருக்கம் 'அபெப்'. சூரியக் கடவுளை விழுங்கத் துரத்தும் எகிப்தியப் பாம்பின் பெயர் அது, தெரிந்தே வைத்தது. விஞ்ஞானிகளின் குறும்பு, வதந்திக்காரர்களுக்கு ஆதாரம். இந்தக் குறும்பைத் தவிர்த்திருக்கலாம்.

பாம்பும் கணக்கும் ஒரே வீட்டில் வாழ முடியும் என்பதற்குப் புதுச்சேரியே சாட்சி. 1825-ல் அங்கே ஒரு பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பதிவுசெய்தவர் பிரிட்டிஷ் படை அதிகாரி ஜான் வாரன். தொடக்க நேரம் 4 நிமிடம்தான் பிசகியது, முடிவு 52 நிமிடம் பிசகியது. கிரகணத்துக்கு நிழலே காரணம் என்று ஆரியபட்டர் எழுதி அப்போதே 1,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. வானக் கொள்கை எதுவும் தெரியாமலே நேரத்தைக் கணிக்க முடியும் என்பதால், பாம்பை யாரும் வெளியேற்ற வேண்டியிருக்கவில்லை.

2027 ஆகஸ்ட் 2 மாலை தமிழ்நாட்டிலும் பகுதி கிரகணம் தெரியும். மஞ்சள் நீரில் பிம்பம் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தண்ணீர் வெளிச்சத்தில் குறைந்தது 50-ல் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. தரமான கிரகணக் கண்ணாடி விடுவது 30,000-ல் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டு டியூப்லைட்டைப் பாருங்கள், விளக்கு பளிச்சென்று தெரிந்தால் அது உதவாது. எக்ஸ்ரே ஃபிலிமும் ஆகாது. கண்ணாடி இல்லாதவர்கள் அட்டையில் 1 மி.மீ. துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அதன் வழியே விழும் ஒளியை ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைத் தாளில் பிடிக்கலாம். 9 மி.மீ. அளவில் கடிபட்ட சூரியன் விழும். துளையை 5 மி.மீ. ஆக்கினால் வெளிச்சம் கூடும், பிறையின் முனை மழுங்கிவிடும்.