சவ்வில் குடியேறும் நஞ்சு

ஒரு சோதனைக் குழாயில் ஊட்டக் கரைசல் எடுத்து, அதில் கொஞ்சம் ஈ. கோலை பாக்டீரியாவை விட்டு 37 டிகிரி செல்சியஸில் வைத்தால், சில மணி நேரத்தில் கரைசல் கலங்கிவிடும். வசதியான சூழலில் இந்த பாக்டீரியா சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். கலங்கல் ஏறிக்கொண்டிருக்கும்போதே பெயிண்ட் தின்னரில் இருக்கும் டொலுயீனை அதில் கலந்து குலுக்கினால், வளர்ச்சி சட்டென்று நின்றுவிடும். டொலுயீன் பாக்டீரியாவின் டிஎன்ஏவைத் தேடிப் போய் உடைப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு நொதியில் போய்ப் பூட்டிக்கொள்வதும் இல்லை. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

அது ஏன் உயிருக்கே உலை வைக்கிறது என்று புரிய, பாக்டீரியாவில் அந்தச் சவ்வு என்ன வேலை பார்க்கிறது என்று தெரிய வேண்டும். நம் செல்களில் ஆற்றல் தயாரிக்க மைட்டோகாண்ட்ரியா தனியாக இருக்கிறது. பாக்டீரியாவுக்கு அது கிடையாது. அதன் செல் சவ்வே மின் நிலையமும். உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு புரோட்டான்களைச் செல்லுக்கு வெளியே தள்ளித் தேக்கி வைக்கிறது. அணையில் தேக்கிய நீர் மதகு வழியாகப் பாய்ந்து டர்பைனைச் சுற்றுவதுபோல, அந்தப் புரோட்டான்கள் ஒரு புரத இயந்திரத்தின் வழியாக உள்ளே திரும்பும்போது, செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உருவாகிறது. சவ்வின் இருபுறமும் உள்ள மின்னழுத்த வேறுபாடு சுமார் 150 மில்லிவோல்ட். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அதைத் தாங்கி நிற்கும் கொழுப்பு அடுக்கின் தடிமன் 4 நானோமீட்டர்தான். கணக்குப் போட்டால் மீட்டருக்கு மூன்றரைக் கோடி வோல்ட்டுக்கு மேல் வருகிறது!

இவ்வளவு மெல்லிய அடுக்கில் டொலுயீன் மூலக்கூறுகள் கூட்டமாகப் புகுந்தால் கொழுப்பு அமிலச் சங்கிலிகள் விலகுகின்றன, சவ்வு தளர்கிறது, வீங்குகிறது. முதலில் கசிவது பொட்டாசியம் போன்ற சிறிய அயனிகள். இன்னொரு பக்கம் புரோட்டான்கள் இயந்திரத்தைச் சுற்றாமலே உள்ளே ஒழுகுகின்றன. பாதிப்பு முற்றினால் ஏடிபி, ஆர்என்ஏ, புரதம் என்று பெரிய சரக்கும் வெளியே போய்விடும். நஞ்சின் அளவு குறைவாக இருந்தால் பாக்டீரியா சாகாது, மெதுவாக வளரும். சாப்பிட்டதில் பெரும்பங்கை ஓட்டையை அடைக்கவும் நஞ்சை வெளியே இறைக்கவும் செலவழித்துவிட்டு, மிச்சத்தை வைத்துத்தானே அது பெருக முடியும்? வளர்ச்சி நின்றுபோனதும் செத்துப்போனதும் ஒன்றல்ல என்பதால், கலங்கலை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது. கரைசலில் கொஞ்சம் எடுத்து நீர்க்கச் செய்து, நஞ்சில்லாத ஊட்டத் தட்டில் பரப்பி, மறுநாள் காலனிகள் முளைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சரி, கொழுப்பில் அதிகம் கரையும் பொருள்தான் அதிக நஞ்சா? அப்படியும் இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு பொருளை, சவ்வின் கொழுப்புக்குப் பதிலாக ஆக்டனால் என்ற எண்ணெய் போன்ற திரவம், நீர் இரண்டும் சேர்த்துக் குலுக்கி, எதில் எவ்வளவு தங்குகிறது என்று அளப்பார்கள். மெத்தனால் நீரிலேயே தங்கப் பார்க்கும். அதனால் சவ்வைக் குலைக்க அது நிறைய வேண்டும். நீரைவிட ஆக்டனாலில் லட்சம் மடங்குக்கு மேல் சேரும் டெக்கேன் போன்ற எண்ணெய்களோ, நீரில் கரைவதே அரிது. செல்லைச் சுற்றியிருப்பது நீர் என்பதால் அவை சவ்வுவரை போதிய அளவில் வந்து சேர்வதில்லை. டெக்கேன் மேலே மிதக்க, கீழே பாக்டீரியா பாட்டுக்கு வளரும். பத்து மடங்குக்கும் பத்தாயிரம் மடங்குக்கும் நடுவில் இருப்பவைதான் ஆபத்தானவை. நீரில் கரைந்து வந்துசேரவும் தெரியும், வந்தபின் கொழுப்பில் குடியேறவும் தெரியும். டொலுயீன் சுமார் 500 மடங்கு. 1865இல் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் காயங்களுக்குப் போட்டுப் பார்த்த கார்பாலிக் அமிலம், அதாவது பீனால், சுமார் 30 மடங்கு.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. ஈ. கோலை போன்ற கிராம் நெகட்டிவ் வகைகளுக்கு, செல் சவ்வுக்கு வெளியே, வெளிச்சவ்வு என்று இன்னொரு அரண் உண்டு. அதன் சர்க்கரை கலந்த கொழுப்புகளை மக்னீசியம், கால்சியம் அயனிகள் இறுக்கிப் பிடித்திருப்பதால், எண்ணெய்த்தன்மையுள்ள மூலக்கூறுகள் எளிதில் புக முடியாது. சூடோமோனாஸ் புடிடா என்ற பாக்டீரியா இன்னும் ஒரு படி மேலே. அதன் கொழுப்பு அமிலங்கள் பலவற்றில் ஓரிடத்தில் வளைவு இருக்கும். நஞ்சு பட்டதும் ஒரு நொதி அந்த வளைவை நிமிர்த்திவிடுகிறது. நிமிர்ந்த சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள, சவ்வு இறுகுகிறது. இதற்கு ஏடிபி தேவையில்லை, புதுக் கொழுப்பும் தேவையில்லை. நிமிடக் கணக்கில் வேலை ஆரம்பித்துவிடும். வளர்ச்சி நின்றுபோன செல்லால் புதுக் கொழுப்பு செய்ய முடியாது என்பதை யோசித்தால், இருப்பதையே நிமிர்த்துவது எவ்வளவு சாமர்த்தியம் என்பது விளங்கும்.

1989இல் ஜப்பானின் அகிரா இனோவே, கோகி ஹொரிகோஷி இருவரும், பாதிக்குப் பாதி டொலுயீன் ஊற்றிய ஊட்டத்திலும் வளரும் ஒரு சூடோமோனாஸைக் கண்டறிந்ததாக அறிவித்தார்கள். பிற்பாடு இப்படிப்பட்ட வகைகளை ஆராய்ந்தபோது, சவ்வை இறுக்குவது மட்டும் போதாது என்று தெரிந்தது. சவ்வுக்குள் வந்த டொலுயீனைப் பிடித்து வெளியே தள்ளும் பம்புகள் அவற்றில் ஓயாமல் இயங்குகின்றன. அந்தப் பம்புகள் புரோட்டான் ஓட்டத்தில்தான் ஓடுகின்றன, அதாவது நஞ்சு ஒழுகவிடும் அதே ஆற்றலில். அப்புறம், இந்தப் பம்புகளில் சில ஆள் பார்ப்பதில்லை. சூடோமோனாஸ் புடிடாவில் டொலுயீனை இறைக்கும் ஒரு பம்பு டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகளையும் சேர்த்தே வெளியேற்றுகிறது. ஈ. கோலையில் டொலுயீன் போன்ற கரைப்பான்களைத் தாங்க உதவும் பம்பும் பல ஆன்டிபயாட்டிக்குகளை விரட்டுவதுதான்.