முதல் இடத்தில்தான் இருக்கிறோம், ஆனால் ஆளே வரவில்லை

இணையதளங்களைத் தேடுபொறியில் மேலே கொண்டுவருவதுதான் என் பிழைப்பு. எஸ்இஓ என்றால் பலருக்குப் புரியும். இந்தத் தொழிலில் எனக்கு அடிக்கடி வரும் போன் இது: "ரிப்போர்ட்ல நாமதான் முதல் இடம்னு போட்டிருக்கீங்க, ஆனா ஆளே வரலையே சார்?"

ரிப்போர்ட்டில் பொய் ஒன்றும் இல்லை. சரி, நாம் முதல் இடம் பிடித்த சொல்லை உங்கள் போனிலேயே தேடிப் பாருங்கள் என்பேன். முதலில் நாலு விளம்பரம், அதற்குக் கீழே படமும் விலையுமாக ஒரு பெட்டி, அப்புறம் ஒரு வரைபடம், அதையும் தாண்டி இரண்டு மூன்று தடவை விரலால் தள்ளினால் எங்களுடைய அந்த "முதல் இடம்" வரும். நாங்கள் விளம்பரம், பெட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆர்கானிக் முடிவுகளை, அதாவது காசு கொடுக்காமல் இயல்பாக வரும் முடிவுகளை மட்டும்தான் எண்ணுகிறோம், பார்க்கிறவர் அப்படி எண்ணுவதில்லை.

விளம்பரத்தின் மேல் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. காசு கொடுத்தவர் மேலே வருகிறார், பக்கத்தில் பொடி எழுத்திலாவது "ஸ்பான்சர்டு" என்று இருக்கிறது. 1998இல் தொடங்கிய கோடூ.காம் என்ற தேடுபொறி முடிவுகளின் இடங்களை ஏலத்துக்கே விட்டது, ஒரு க்ளிக்குக்கு யார் எவ்வளவு தருகிறார் என்பதையும் முடிவுகளுக்குப் பக்கத்திலேயே காட்டியது. கண்ணுக்கு அழகாக இல்லாவிட்டாலும் ஒளிவுமறைவு இல்லாத ஏற்பாடு. அதே ஆண்டில்தான் செர்கே பிரினும் லாரி பேஜும், விளம்பரப் பணத்தில் ஓடும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாய்ந்துவிடும் என்று தங்கள் ஆய்வுக் கட்டுரையில் எழுதிவைத்தார்கள். ஆமாம், கூகுளைத் தொடங்கிய அதே இருவர்தான்.

எனக்கு உறுத்துவது அந்தப் பெட்டி. அது யாருடையது? தேடுபொறி நிறுவனத்தின் சொந்தச் சேவையா, அதோடு வியாபார ஒப்பந்தம் வைத்திருப்பவருடையதா, இல்லை உண்மையிலேயே பொருத்தமான முடிவா? பார்க்கிறவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இது இணையத்தோடு பிறந்த தந்திரமும் அல்ல. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் சேபர் என்ற முன்பதிவு அமைப்பு டிராவல் ஏஜென்ட்டுகளின் மேசைகளில் உட்கார்ந்திருந்த காலத்தில், பெரும்பாலான டிக்கெட்டுகள் முதல் திரையிலிருந்தே போயின, அந்தத் திரையில் சொந்த விமானங்கள் முன்னால் நின்றன. 1984இல் இந்தச் சாய்வுக்கு எதிராக அமெரிக்க அரசு விதியே போட வேண்டியிருந்தது. 34 வருடம் கழித்து, 2018இல், இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது அதன் தீர்ப்பில் இடம்பிடித்ததும் விமானத் தேடல் பெட்டிதான்!

அதற்கு முந்தைய வருடம் ஐரோப்பிய ஆணையம் போட்ட அபராதம் இன்னும் பெரியது, 242 கோடி யூரோ. கூகுளின் விலை ஒப்பீட்டுச் சேவை பக்கத்தின் உச்சியில் நிற்க, போட்டியாளர்களில் மேலே இருந்தவரே சராசரியாக நாலாவது பக்கத்தில்தான் வந்தார் என்று ஆணையம் சொன்னது. நாலாவது பக்கத்தில் கிடப்பதும் இல்லாமல் போவதும் என் தொழிலில் ஒன்றுதான், இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்கே சுமார் 1 சதவீத க்ளிக்தான் கிடைக்கிறது என்பதும் அதே வழக்கில் வந்த கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அந்த அபராதத்தை உறுதி செய்தது.

நூறு சதவீத நடுநிலை என்று ஒன்று இருக்கவும் முடியாது. பத்தை வரிசைப்படுத்தினாலே ஒன்றை மேலேயும் ஒன்பதைக் கீழேயும் வைத்தாக வேண்டும். உருப்படியான ஒரு பக்கம்கூட எழுதாமல் "எங்களை அமுக்குறாங்க" என்று புலம்பும் வாடிக்கையாளர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஐரோப்பாவும் "எல்லோரையும் மேலே வை" என்று கேட்கவில்லை, மற்றவர்களுக்கு வைத்திருக்கும் அளவுகோலை உன் சொந்தச் சேவைக்கும் வை என்றுதான் கேட்டது.

அதனால் பொருள் வாங்கவோ அறை பதிவு செய்யவோ தேடும்போது, மேலே இருக்கும் பெட்டியைத் தட்டினால் எந்தத் தளத்துக்குப் போகிறது என்று ஒரு நொடி பாருங்கள். அது மறுபடியும் தேடுபொறியின் இன்னொரு பக்கத்துக்கே போனால், நீங்கள் இன்னும் தேடுபொறியின் கடையை விட்டு வெளியே வரவில்லை, உள்ளேயே வேறு கதவுக்கு மாறியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதே தேடலை இன்னொரு தேடுபொறியிலும் போட்டுப் பாருங்கள், விற்பவரின் தளத்துக்கு நேரே போய் விலையை ஒத்துப் பாருங்கள்.

என் ரிப்போர்ட்டில் இப்போது ஒரு பத்தி கூடியிருக்கிறது: "முதல் இடம், போனில் மூன்று தள்ளலுக்குப் பிறகு." அதைப் படித்ததும் பாதிப் பேர் கேட்பது, "அப்போ காசு கொடுத்து அந்தப் பெட்டிக்குள்ளயே போயிடலாமா?" ஐரோப்பாவில் அபராதத்துக்குப் பிறகு போட்டியாளர்களுக்குக் கிடைத்ததும் அதுதான், பெட்டிக்குள் ஏலத்தில் ஓர் இடம். நானும் எஸ்டிமேட் போட்டு அனுப்பிவிடுகிறேன்.