சாண்ட்பாக்ஸ்: மணல்தொட்டியா, கூண்டா?

சந்தேகமான ஓர் இணைப்பைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால், விவரம் தெரிந்தவர்கள் "சாண்ட்பாக்ஸில் போட்டுத் திற" என்பார்கள். உலாவியை வழக்கமான இடத்தில் ஓடவிடாமல், நம் கோப்புகளைத் தொட முடியாதபடி தனியாக அடைத்த ஒரு சூழலில் ஓடவிடுவதுதான் அது. அந்தப் பக்கத்தில் தீநிரல் இருந்து வேலையைக் காட்டினாலும் அடைப்புக்குள்தான் ஆடும். இப்படி மெய்நிகர் (virtual) கணினிக்குள் அடைத்து ஓடவிடும் உலாவியை, அதாவது sandboxed virtual browser என்பதை, தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி.

ஆங்கிலத்தில் சாண்ட்பாக்ஸ் என்றால் குழந்தைகள் விளையாட மணல் கொட்டி வைக்கும் தொட்டி. உள்ளே எதையும் கட்டலாம், இடிக்கலாம், வெளியே சிந்தாது. நம்பகமில்லாத நிரலை நினைவகத்தின் ஒரு பகுதிக்குள் மட்டும் எழுதவிடும் உத்திக்கு 1993இல் ராபர்ட் வாபேயும் உடன் எழுதியவர்களும் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் சாண்ட்பாக்சிங் என்ற பெயரைப் பயன்படுத்தினார்கள். அப்புறம் இணையப் பக்கங்களுக்குள் ஓடிய சிறு நிரல்களான ஜாவா ஆப்லெட்டுகள் வந்து சொல்லைப் பரப்பின. கருத்து அந்தப் பெயரைவிடப் பழையது. பின்னாளில் அடைத்து வைப்பதைப் பெயரிலேயே சொன்னவர்களும் உண்டு: 2000இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் இதே மாதிரி வசதிக்கு ஜெயில் என்று பெயர் வைத்தது.

சரி, இதில் மெய்நிகர் எங்கே வருகிறது? 2008இல் வந்த குரோம், பக்கங்களை வரைந்து காட்டும் வேலையைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து அடைத்தது, ஆனால் அவை எல்லாம் ஒரே இயங்குதளத்தின் மேல்தான் ஓடுகின்றன, அந்த இயங்குதளத்திலேயே ஓட்டை இருந்தால் தப்பிக்க வழி உண்டு. மெய்நிகர் முறையில் உலாவிக்கென்று இன்னொரு இயங்குதளமே உள்ளே ஓடும். 2012இல் முதல் பதிப்பு வந்த க்யூப்ஸ் என்ற இயங்குதளம் இந்த அடிப்படையில் கட்டப்பட்டது. எந்தச் சாளரம் எந்த அடைப்பைச் சேர்ந்தது என்பதை அதன் ஓரத்து நிறமே காட்டிவிடும். 2019இல் விண்டோஸ் 10இல் சேர்ந்த விண்டோஸ் சாண்ட்பாக்ஸைத் திறந்து பாருங்கள், உங்கள் ஆவணம் ஒன்றுகூட இல்லாத புத்தம் புதிய திரை வரும், மூடப்போனால் உள்ளே இருப்பது எல்லாம் நிரந்தரமாக அழிந்துவிடும் என்று எச்சரிக்கும். 'மெய்நிகர்' இங்கே மிகப் பொருத்தமான சொல், மெய்க்கு நிகர் என்று பிரித்தாலே விளங்கிவிடும். உள்ளே ஓடும் நிரல் தான் ஒரு நிஜக் கணினியில் இருப்பதாகவே நடந்துகொள்கிறது.

சாண்ட்பாக்ஸுக்குத்தான் தமிழில் சிக்கல். தமிழ் விக்கிப்பீடியா எழுதிப் பழகும் பக்கத்தை மணல்தொட்டி என்கிறது, அந்த இடத்துக்கு அருமையான சொல். பாதுகாப்புக்கு அது போதாது, விளையாட்டுதான் காதில் விழுகிறது, ஆபத்து விழவில்லை. காப்பறை என்றால் பொருளே தலைகீழாகும், அறைக்குள் இருப்பதைக் காப்பது போல ஒலிக்கும், இங்கே காக்கப்படுவது வெளியே இருப்பது. தனிமைப்படுத்திய உலாவல் என்று சொன்னால், அதை உலாவிகளில் இருக்கும் தனிப்பட்ட உலாவல் (private browsing) என்ற வசதியோடு குழப்பிக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் மோசம். அந்த வசதி வரலாற்றையும் குக்கிகளையும் உங்கள் கணினியில் மிச்சம் வைக்காது, அவ்வளவுதான். தீநிரலுக்கு அது எந்தத் தடையும் இல்லை. 'தனி' என்ற தொடக்கத்தைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று நம்பி ஆபத்தான பக்கத்தைத் திறப்பவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

எனவே எழுத்தில் 'தனிமைப்படுத்திய மெய்நிகர் உலாவி', பேச்சில் 'கூண்டு உலாவி' என்பது என் தேர்வு. கூண்டு என்றதும் உள்ளே இருப்பது ஆபத்தானது, வெளியே விடக்கூடாது என்பது யாருக்கும் புரியும், கம்பிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும் என்பதும் சேர்ந்தே புரியும். அந்த இடைவெளி நிஜம்: விண்டோஸ் சாண்ட்பாக்ஸில் இணைய இணைப்பும், வெளியே நகலெடுத்ததை உள்ளே ஒட்டும் வசதியும் நீங்களாக நிறுத்தாதவரை இயங்கிக்கொண்டே இருக்கும். போலி வங்கிப் பக்கம் ஒன்றைக் கூண்டுக்குள் திறந்து அதில் கடவுச்சொல்லைத் தட்டினால், சாளரம் அழிவதற்கு முன்பே அது திருடனிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.