நொண்டல் நின்னுடுச்சு, இனி குதிரைய அவுத்து விடலாமா?

குதிரைக்கு கால்ல லிகமெண்ட் (எலும்ப எலும்போட பிணைக்கிற நார்) அடிபட்டு அஞ்சாறு வாரம் ஆனதும் ஓனர்கள்கிட்ட இருந்து எனக்கு வர்ற போன்ல முக்கால்வாசி இந்தக் கேள்விதான். வீக்கம் வடிஞ்சிருச்சு டாக்டர், தொட்டா காலை இழுக்கல, நடக்கும்போது நொண்டவும் இல்ல, அப்புறம் எதுக்கு அந்த வாயில்லா ஜீவன லாயத்துக்குள்ளயே அடைச்சு வைக்கணும்னு கேப்பாங்க. குதிரை மேல இருக்குற பாசத்துலதான் கேக்குறாங்க, எனக்கும் புரியுது. ஆனா ஆறிட்டு வந்த கால் மறுபடி கிழிஞ்சு என்கிட்ட வந்த கேஸ்ல பாதிக்கு மேல இந்தக் கட்டத்துல நடந்ததுதான். வலி சில வாரத்துல போயிரும், நார் ஆற மாசக்கணக்காகும், அந்த இடைவெளியிலதான் குதிரையும் ஏமாறுது நாமளும் ஏமாறுறோம்.

காலு எப்படி அமைஞ்சிருக்குன்னு கொஞ்சம் சொல்லிடறேன், இது தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். குதிரைக்கு முன்னங்கால் முட்டிக்குக் கீழயும் பின்னங்கால் நடுவுல மடங்குற ஹாக் மூட்டுக்குக் கீழயும் சதைன்னு சொல்லிக்கிற மாதிரி எதுவும் கிடையாது, எலும்பு, தசைநார், லிகமெண்ட், மேல தோல், அவ்ளோதான். அந்த மூட்டுகளுக்குக் கீழ நீளமா இருக்குற கேனன் எலும்புக்குப் பின்பக்கம் ஒட்டினாப்ல இறங்குற சஸ்பென்சரி லிகமெண்ட் கீழ வந்து ரெண்டு கிளையா பிரிஞ்சு, குளம்புக்கு கொஞ்சம் மேல இருக்குற ஃபெட்லாக் மூட்டுக்குப் பின்னாடி இருக்குற ரெண்டு சின்ன செசமாய்டு எலும்புல போய் பிடிச்சுக்கும். ஃபெட்லாக் தரையைப் பாத்து தாழ்ந்து போகாம தூளி மாதிரி ஏந்திப் பிடிக்கிறது இதோட வேலை. சும்மா நடக்கும்போது எந்த நேரமும் ரெண்டு மூணு காலாவது தரையில இருக்கும், எடை பங்காயிரும். அதே குதிரை நாலுகால் பாய்ச்சல்ல போனா ஒரு கணம் முழு உடம்பும் ஒரே முன்னங்கால்ல வந்து இறங்கும், அந்தக் கால்ல விழுற பாரம் உடம்பு எடைய விட ரெண்டு மடங்குக்கும் மேல. 500 கிலோ குதிரைன்னா ஒரு டன்னத் தாண்டுது, அத பாதி ஆறின நார் எப்படி தாங்கும்?

ஆறுறதும் ஒரே நாள்ல இல்ல. முதல் சில நாள் ரத்தக்கசிவு, வீக்கம், சூடு. அப்புறம் கிழிஞ்ச இடத்த உடம்பு அவசரமா டைப் 3 கொலாஜன்ங்கிற நார்ப் புரதம் போட்டு அடைக்கும், அது சிக்கு விழுந்த நூல் மாதிரி கண்ட பக்கமும் ஓடும், பலம் கம்மி. அந்த சிக்கு எடுபட்டு, இழுவிசை இருக்குற திசையில நேரா அடுக்கி, டைப் 1 கொலாஜனா மாற பல மாசம், சில குதிரைக்கு ஒரு வருஷம் கூட ஆகும். இதுல ஒரு விஷயத்த நல்லா கவனிங்க, நார் நேரா அடுக்குறதுக்கே அளவான இழுவை வேணும். அதனால மாசக்கணக்கா அசைய விடாம கட்டி வைக்கிறதும் தப்பு, ஒரேயடியா அவுத்து விடுறதும் தப்பு. நடைதான் இங்க மருந்து, மருந்துக்கு டோஸ் இருக்குற மாதிரி இதுக்கும் நிமிஷக் கணக்கு இருக்கு.

நான் வழக்கமா எழுதிக் கொடுக்குறது இதுதான், ஆனா ஒவ்வொரு குதிரைக்கும் ஸ்கேன பாத்து மாத்துவேன், அதனால உங்க டாக்டர் சொல்றதுதான் உங்க குதிரைக்கு கணக்கு. சூடு வீக்கம் அடங்கினதும் கையில பிடிச்சு நடத்துறது, தடவைக்கு 5 இல்ல 10 நிமிஷம், நாளைக்கு ரெண்டு தடவை. வாரம் ஒண்ணோ ரெண்டோ ஆனதும் 5 நிமிஷம் கூட்டுவோம், அப்படியே அரை மணி, முக்கா மணி வரைக்கும் போகும். இந்த நடைக்கட்டமே ரெண்டு மூணு மாசம் ஓடும், ஸ்கேன் நல்லா இருந்தா மட்டும் ட்ராட் (சீரான மெது ஓட்டம்), அதுவும் நேர்கோட்டுல, மொத்தமா 5 நிமிஷத்துல ஆரம்பிச்சு. கேன்டர் (மிதமான பாய்ச்சல்) அதுக்கும் ரொம்ப பின்னாடி. அவசரப்பட்டு ரெண்டு படிய ஒண்ணா தாண்டவே கூடாது, நிமிஷத்த கூட்டுற வாரத்துல வேகத்த கூட்டாதீங்க, தரைய மாத்தாதீங்க.

தரைன்னு சொன்னதும் ஞாபகம் வருது, மெத்துன்னு இருந்தா காலுக்கு இதம்னு நினைச்சு ஆழமான மணல்ல நடத்துறவங்கள நிறைய பாக்குறேன், அது ரொம்ப தப்பு. மணல்ல குளம்பு புதைஞ்சு ஃபெட்லாக் இன்னும் தாழும், லிகமெண்ட் இன்னும் இழுபடும். கெட்டியான, சமமான, வழுக்காத தரைதான் நடைக்கு நல்லது. அதே மாதிரி லஞ்ச் கயிறுல (நடுவுல நின்னு பிடிக்கிற நீளக் கயிறு) வட்டம் சுத்த விடுறது இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், சின்ன வட்டத்துல கால் முறுகி ஒரு பக்கத்து கிளை மட்டும் கூடுதலா பாரம் வாங்கும்.

இப்ப கையில பிடிச்சு நடத்துற ஆளப் பத்தி. ஒரு மாசமா அடைஞ்சு கிடந்த குதிரைய வெளிய கொண்டு வர்ற அந்த நிமிஷம் உங்களுக்கும் ஆபத்து, அதோட காலுக்கும் ஆபத்து. ஹெல்மெட், கையுறை, மூடின ஷூ இல்லாம போகாதீங்க. வெறும் ஹால்டர் (வாயில இரும்பு இல்லாத தலைவார்) பத்தாது, கடிவாளம் போடுங்க, கயிறு கொஞ்சம் நீளமா இருக்கட்டும், ஆனா கையில சுத்திக்காதீங்க, எட்டு (8) வடிவத்துல மடிச்சு பிடிங்க, குதிரை மிரண்டு இழுத்தா விரலே போயிரும். தோள்பக்கத்துல நடங்க, முன்னாடி போய் இழுக்காதீங்க. கழுத்து விறைச்சு தலை மேல போகுது, காது ரெண்டும் ஒரே பக்கம் குத்தி நிக்குது, முதுகு கூன் போடுது, வால் தூக்குதுன்னா அடுத்த நொடி துள்ளப் போகுதுன்னு அர்த்தம், அப்ப பேச்சுக் கொடுத்துக்கிட்டே முன்னாடி நடக்க வைங்க, சடார்னு திருப்பாதீங்க. போறதுக்கு முன்னாடி கொஞ்சம் புல் தின்னிருக்கட்டும், காத்து பலமா அடிக்கிற நேரமும் மத்த குதிரைங்க ஓடுற நேரமும் வேண்டாம், அமைதியான ஒரு குதிரை துணைக்கு வந்தா இன்னும் நல்லது. அப்படியும் அடங்கலன்னா லேசா மயக்க மருந்து கொடுத்து நடத்தலாம், இதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல, ஆனா டாக்டர் சொன்ன அளவுல மட்டும்தான். சில குதிரைக்கு கையில பிடிக்கிறத விட நிதானமான ஆள் மேல உக்காந்து நடை மட்டும் போறது கட்டுப்பாடா இருக்கும், அதையும் கேட்டுப் பாருங்க. வேலை இல்லாத குதிரைக்கு பழைய அளவுலயே தானியம் போட்டுக்கிட்டு ஏன் துள்ளுதுன்னு கேட்டா என்ன சொல்றது, தானியத்த படிப்படியா குறைச்சு புல்லு வைக்கோல கூட்டுங்க.

ஒரு பெண்குதிரை, எட்டு வயசு, வலது முன்னங்கால்ல உள்பக்கத்து கிளை கிழிஞ்சிருந்துச்சு. ஒன்பதாவது வாரம் ரொம்ப நல்லா போயிட்டிருந்தது. லாயம் கழுவுற நேரத்துல பத்து நிமிஷம் மேயட்டுமேன்னு திறந்த மைதானத்துல விட்டுட்டாங்க. நாலு சுத்து, பின்னங்கால உதறி உதறி ஓடி, நின்ன இடத்துலயே திரும்பி, அவ்ளோதான். அன்னைக்கு நொண்டல. மறுநாள் காலையில ஃபெட்லாக்குக்கு மேல உள்பக்கம் விரல் தடிமனுக்கு வீக்கம். ஸ்கேன் வச்சு பாத்தேன், போன தடவை சாம்பல் நிறத்துல நிரம்பிக்கிட்டு வந்த இடம் மறுபடி கருப்பா, முன்ன விட பெருசா தெரிஞ்சது. ஓனர் அந்தத் திரையையே பாத்துக்கிட்டு நின்னாரு, ஒண்ணும் பேசல. ஒன்பது வாரமும் போச்சு, முதல்ல இருந்து ஆரம்பிச்சோம்.

இத முன்கூட்டியே பிடிக்க முக்கியமான வழி தினமும் கைவச்சு பாக்குறதுதான். காலையில நடத்துறதுக்கு முன்னாடி, கால தூக்கி முட்டிய மடக்கிப் பிடிச்சா நார் தளரும், அப்ப கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வச்சு கேனன் எலும்புக்குப் பின்னாடி மேல இருந்து கீழ வரைக்கும், ரெண்டு கிளையோட நுனி வரைக்கும் மெதுவா அழுத்திக்கிட்டே வாங்க. சூடு இருக்கா, தடிப்பு இருக்கா, எந்த இடத்துல குதிரை கால சுண்டுது, அடுத்த காலோட ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு வாரம் செஞ்சா உங்க விரலுக்கே பழகிரும். ட்ராட் தொடங்கின பிறகு தலையப் பாருங்க, முன்னங்கால் வலின்னா வலிக்கிற கால் தரையில படும்போது தலை மேல எழும்பும், நல்ல கால் படும்போது கீழ இறங்கும். இதெல்லாம் வலி மாத்திரை கொடுத்துட்டு பாத்தா ஒண்ணும் தெரியாது, அதனால மாத்திரை ஓடுற நாள்ல குதிரை நல்லா நடக்குதுன்னு நம்பி அடுத்த படிக்கு போகாதீங்க. வீக்கமோ சூடோ புதுசா தெரிஞ்சா அன்னைக்கு நடைய நிறுத்திட்டு போன் பண்ணுங்க, நாளைக்கு பாத்துக்கலாம்னு வைக்காதீங்க.

வேலை செய்யலையேன்னு லாடக்காரர நிறுத்திடறாங்க, அதுவும் கூடாது. குளம்பு முன்னாடி நீண்டு குதி தாழ்ந்துச்சுன்னா காலோட கோணமே கெட்டு நார்ல இழுவை கூடும், நாலுல இருந்து ஆறு வாரத்துக்கு ஒருக்கா சீவி சரி பண்ணணும். ஸ்கேன் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒண்ணு, குறிப்பா ட்ராட்டுக்கு முன்னாடி, கேன்டருக்கு முன்னாடி, அவுத்து விடுறதுக்கு முன்னாடி கட்டாயம்.

அவுத்து விடுறது கடைசி படி, நிறைய பேர் முதல் படியா நினைக்கிறாங்க. கேன்டர் வரைக்கும் தாங்கின குதிரையத்தான் விடணும், அதுவும் ஓட இடம் இல்லாத சின்ன அடைப்புல, அன்னைக்கு வேலை முடிச்சு களைச்ச பிறகு, முன்னாடி புல் இருக்கணும். அந்தப் பெண்குதிரைய அவுத்து விட பதிமூணு மாசம் ஆச்சு. லேசா மருந்து போட்டு, காலுக்கு பூட்ஸ் கட்டி, ஓனரே கயிற அவுத்தாரு. நான் வேலியப் பிடிச்சுக்கிட்டு அந்த வலது கால மட்டுமே பாத்துக்கிட்டு நின்னேன். ரெண்டடி வச்சுச்சு, தலைய குனிஞ்சு மேய ஆரம்பிச்சுச்சு, இருபது நிமிஷம் நிமிரவே இல்ல. மறுநாள் காலையில ஓனர் போன் பண்ணி, கால தொட்டுப் பாத்தேன் டாக்டர், குளிர்ச்சியாத்தான் இருக்குன்னாரு.