மின்சாரம் போன பிறகு அந்த பில் எங்கே இருக்கும்?

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே கம்ப்யூட்டரில் ஓடும் பழைய பில்லிங் மென்பொருளை விட்டுவிட்டு, கடை, இரண்டு குடோன், வீடு என எங்கிருந்தும் பிரவுசரில் திறக்கிற மாதிரி புதிதாக ஒன்றைச் செய்ய மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கியிருக்கிறார். எந்த மொழியில், எந்தக் கருவியில் எழுதுவது என்பதில் ஒருவர் ரியாக்ட்டும் நோடும் என்கிறார், இன்னொருவர் பி.எச்.பி.யில் லாராவேல், மூன்றாமவர் ஜாவா. எதை எடுப்பது?

மூன்றிலுமே நல்ல மென்பொருள் எழுதலாம். அந்த மூவரிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ‘சேமி’ பட்டனை அழுத்திய அதே நொடியில் சர்வருக்கு மின்சாரம் போய்விட்டால், மறுபடி ஆன் செய்யும்போது அந்த பில் என்ன நிலையில் இருக்கும்? இதற்கு விவரமாகப் பதில் சொல்பவர் பக்கம்தான் நான் சாய்வேன்.

பிரவுசர் கேட்கிறது, சர்வர் கணக்குப் போடுகிறது, டேட்டாபேஸ் சேமித்து வைக்கிறது. இந்த ஏற்பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். இதில் சீக்கிரம் பழசாவது திரைப் பக்கம். 2010-ல் கூகுள் வெளியிட்ட ஆங்குலர்ஜேஎஸ் என்ற திரை எழுதும் கருவியை நம்பி எத்தனையோ அலுவலக மென்பொருள்கள் எழுதப்பட்டன. 2016-ல் அதை அடியோடு மாற்றி எழுதினார்கள். பழையதற்கான ஆதரவு 2021 டிசம்பரோடு நின்றது. பிரவுசரில் அனிமேஷனும் வீடியோவும் ஓட்டிய ஃப்ளாஷ் 2020 கடைசியில் போனது. ஆனால் தொண்ணூறுகளில் எழுதிய சாதாரண எச்.டி.எம்.எல். படிவம் இன்றும் எந்த பிரவுசரிலும் திறக்கிறது. ஆகவே பில், ஸ்டாக், பாக்கி என்று நின்றுவிடும் மென்பொருளுக்கு சர்வரே பக்கத்தைத் தயாரித்து அனுப்பும் பழைய முறை போதும். 2005-ல் வந்த, பைத்தான் மொழிக்கான ஜாங்கோவும் 2011-ல் வந்த லாராவேலும் அதை நன்றாகவே செய்கின்றன. எழுதிக் கொடுத்தவர் நாளை வேறு வேலைக்குப் போய்விட்டால், அதே மொழி தெரிந்த இன்னொருவர் உங்கள் ஊரில் கிடைப்பாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, டேட்டாபேஸுக்கு வருவோம். திரையை மூன்று முறை மாற்றினாலும் அதற்குள் இருக்கும் கணக்கு அப்படியே இருந்தாக வேண்டும். என் தேர்வு போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸ் மென்பொருள். காரணம் அதன் உள்ளே நடக்கும் ஒரு வேலை.

ஒரு பில் போட்டால் குறைந்தது மூன்று இடங்களில் மாற்றம் நடக்கிறது: பில் பதிவாக வேண்டும், ஸ்டாக் குறைய வேண்டும், வாடிக்கையாளரின் பாக்கி கூட வேண்டும். மூன்றும் நடக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றுகூட நடக்கக் கூடாது. இப்படிச் சேர்த்துக் கட்டிய வேலையைத்தான் டிரான்ஸாக்ஷன் என்கிறார்கள். அந்தக் கருத்தை வளர்த்த ஜிம் கிரேவுக்கு 1998-ல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது.

இதில் சிக்கல் எங்கே? போஸ்ட்கிரெஸ் தகவல்களை 8 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்து வைக்கிறது. நம் மூன்று மாற்றங்களும் மூன்று வெவ்வேறு பக்கங்களில் விழும். அந்தப் பக்கங்கள் டிஸ்க்கில் ஆளுக்கொரு மூலையில் இருக்கும். மூன்றையும் ஒரே கணத்தில் எழுத எந்த டிஸ்க்காலும் முடியாது. ஒன்றை எழுதி முடித்து அடுத்ததற்குப் போவதற்குள் மின்சாரம் போகலாம். ஸ்டாக் குறைந்திருக்கும், பில் இருக்காது.

நம் கணக்குப்பிள்ளைகள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். நடந்ததை முதலில் வரிசையாகக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். ஆற அமர உட்கார்ந்து பேரேட்டில் அவரவர் பக்கத்துக்கு எடுத்து எழுதுவார்கள். போஸ்ட்கிரெஸும் இதையேதான் செய்கிறது. மாற்றங்களை முதலில் நினைவகத்தில் உள்ள பக்கங்களில் செய்கிறது. அதே சமயம் ‘இந்தப் பக்கத்தில் இந்த மாற்றம்’ என்று லாக் எனப்படும் குறிப்பேட்டுக் கோப்பின் கடைசியில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போகிறது. முடிவில் ‘இந்த டிரான்ஸாக்ஷன் முடிந்தது’ என்று ஒரு சிறு பதிவு. அதுவரை உள்ள லாக் டிஸ்க்கில் உண்மையாகவே இறங்கிவிட்டதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் உங்கள் திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வரும். உண்மையான பக்கங்கள் அப்போது டிஸ்க்கில் பழையபடியேதான் இருக்கும். அவற்றை அப்புறம் சாவகாசமாக எழுதிக்கொள்ளலாம். பக்கத்தை எழுதும் முன் அதற்குரிய லாக் பதிவு டிஸ்க்கில் இருந்தாக வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் எக்காரணம் கொண்டும் மீறக் கூடாது.

இதில் வேகமும் கூடுகிறது. சிதறிக் கிடக்கும் பக்கங்களைத் தேடித் தேடி எழுதுவதைவிட, ஒரே கோப்பின் கடைசியில் தொடர்ந்து எழுதுவது டிஸ்க்குக்கு எளிது. ஒரே சமயத்தில் பத்துப் பேர் பில் போட்டால், பத்துப் பேரின் பதிவுகளையும் ஒரே மூச்சில் டிஸ்க்குக்கு அனுப்பிவிடலாம்.

இப்போது மின்சாரம் போய்த் திரும்பி வருகிறது. போஸ்ட்கிரெஸ் கடைசியாகப் பக்கங்களையெல்லாம் டிஸ்க்கில் இறக்கி முடித்த சோதனைப் புள்ளியைத் தேடுகிறது. வழக்கமான அமைப்பில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை அப்படி ஒரு புள்ளி வைக்கும். அங்கிருந்து லாக்கை வரிசையாக வாசித்து, ஒவ்வொரு மாற்றத்தையும் மறுபடி செய்துகொண்டே வருகிறது. ஒரு மாற்றம் ஏற்கெனவே பக்கத்தில் ஏறியிருந்தால்? ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், அதைக் கடைசியாக மாற்றிய லாக் பதிவின் எண் இருக்கிறது. பக்கத்தின் எண் பெரியதாகவோ சமமாகவோ இருந்தால் அந்த மாற்றத்தை விட்டுவிடும். அதனால் மீட்பு வேலையின் நடுவிலேயே இன்னொரு முறை மின்சாரம் போனாலும் பயமில்லை, மறுபடி முதலிலிருந்து செய்யலாம். லாக்கின் கடைசிப் பதிவே பாதியில் அறுந்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். ஒவ்வொரு பதிவோடும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண் சேர்ந்தே இருக்கிறது. பொருந்தாத முதல் பதிவோடு வாசிப்பு நின்றுவிடும்.

நம் பில்லின் ‘முடிந்தது’ பதிவு லாக்கில் இல்லையென்றால்? அதன் வரிகள் பக்கங்களில் ஏறியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வரியும் தன்னை எழுதிய டிரான்ஸாக்ஷனின் எண்ணைச் சுமந்திருக்கிறது. அந்த எண் முடிந்ததாகப் பதிவாகவில்லை, ஆகவே அந்த வரிகள் யார் கண்ணுக்கும் தெரியாது. பழைய ஸ்டாக் வரியும் அழியாமல் அங்கேயே இருப்பதால் அதுவே செல்லுபடியாகும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஐ.பி.எம். நிறுவனத்தின் மீட்பு வழி இதிலிருந்து கொஞ்சம் வேறு. நடந்ததையெல்லாம் அப்படியே மறுபடி நடத்திக் காட்டி, பிறகு முடியாதவற்றைத் திருப்பி எடுப்பது. ஏரீஸ் என்ற அந்த முறையை 1992-ல் விரிவாக எழுதி வெளியிட்ட குழுவின் முதன்மை ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்தவர். டி.பி.2, எஸ்.க்யூ.எல். சர்வர் போன்ற டேட்டாபேஸ்கள் அந்த வழியில் வந்தவை. நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

போஸ்ட்கிரெஸ் பிறந்த கதையும் கவனிக்க வேண்டியது. 1986-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சி அது. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்புகளும் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் பணம் கொடுத்தன. அந்தப் பணத்தின் பலன் இன்று ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ‘உடனே என்ன பயன்’ என்று கேட்டு ஆராய்ச்சி நிதியை அளந்து கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்களிலும் இப்படிப் பல ஆண்டுகள் பொறுமையாக ஒரே வேலையைச் செய்ய விடும் நிதி வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிய மென்பொருளை நல்ல நேரம் பார்த்துத் தொடங்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ராகு காலம் டிஸ்க்கை ஒன்றும் செய்யாது. அந்த அக்கறையை பேக்கப்பில் காட்டுங்கள். ஒரு முழு நகலும் அதற்குப் பிறகான லாக் கோப்புகளும் வேறொரு இடத்தில் பத்திரமாக இருந்தால், லாக்கை விரும்பிய இடம்வரை ஓட்டி நிறுத்தலாம். யாரோ செவ்வாய் மாலை 4 மணிக்கு ஸ்டாக் பட்டியலை அழித்துவிட்டால், 3.59 வரை கொண்டுவந்துவிடலாம். ஒப்பந்தத்தில் இதையும் சேருங்கள்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேக்கப்பிலிருந்து மீட்டுக் காட்ட வேண்டும்.

இத்தனையும் டிஸ்க் உண்மை பேசுகிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. சில மலிவான டிஸ்க்குகள் தகவலைத் தங்கள் தற்காலிக நினைவில் மட்டும் வைத்துக்கொண்டு ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லிவிடும். சர்வரை நீங்களே வாங்குவதானால், மின்சாரம் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்க மின்தேக்கி வைத்த எஸ்.எஸ்.டி.யாகக் கேட்டு வாங்குங்கள். போஸ்ட்கிரெஸ் அமைப்பில், எழுதியது டிஸ்க்கில் உண்மையாகவே இறங்கியதை உறுதி செய்ய எஃப்சிங்க் என்று ஒன்று இருக்கும். வேகத்துக்காக அதை அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அணைத்திருந்தால் மேலே சொன்ன பாதுகாப்பு போய்விடும். பணம் கொடுக்கும் முன், சோதனை சர்வரில் நான்கைந்து பேரைத் தொடர்ந்து பில் போடச் சொல்லி, நடுவில் பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்ப ஆன் செய்து, ‘சேமிக்கப்பட்டது’ என்று திரையில் வந்த பில் எண்களையும் டேட்டாபேஸில் உள்ளவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்டாக்கையும் ஒருமுறை கூட்டிச் சரிபாருங்கள்.