விசில் ஊதினால் ‘க’ வராது

பேச்சுப் பயிற்சியாளரான என்னிடம் இந்த வாரமும் ஒன்று வந்தது. ஐந்து வயதுக் குழந்தை, ‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்கிறது. ஒரு வருடமாகத் தினமும் நாக்குக்குப் பயிற்சியாம். நீட்டு, மடக்கு, இடம் வலம் ஆட்டு, விசில் ஊது, பலூன் ஊது. அம்மா சொல்லச் சொல்லக் குழந்தை செய்தும் காட்டியது. நாக்கு மூக்கைத் தொடாததுதான் குறை. ‘க’ மட்டும் வரவில்லை. எப்படி வரும்?

“நாக்கு தடிப்பா இருக்கு, வலு இல்லை, அதான் பேச்சு தெளிவில்லை” என்பதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. நாக்கின் முழு பலத்தில் ஒரு சிறு பங்கு இருந்தாலே பேச்சுக்குப் போதும். அதே குழந்தை தண்ணீர் குடிக்கிறதே! ஒவ்வொரு தடவை விழுங்கும்போதும் நாக்கின் பின்பகுதி மேலே எழுந்து அழுத்துகிறது. ‘க’ சொல்லவும் அந்தப் பின்பகுதிதான் எழ வேண்டும். அப்படியானால் தசையில் குறை இல்லை. ‘க’ வேறு, ‘த’ வேறு என்ற கணக்குதான் இன்னும் பிடிபடவில்லை. விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தால் கையெழுத்து திருந்துமா?

பேசும்போது நொடிக்குப் பத்துப் பதினைந்து ஒலிகள் ஓடுகின்றன, அதுவும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. ‘கூ’ என்று சொல்லத் தயாராகிப் பாருங்கள், குரல் வரும் முன்பே உதடு குவிந்திருக்கும். ‘கீ’ என்றால் உதடு விரியும். நாக்கு அண்ணத்தைத் தொடும் இடமும் கொஞ்சம் முன்னால் வந்துவிடும். இந்த நுணுக்கத்தை விசில் எப்படிச் சொல்லிக்கொடுக்கும்? தமிழின் ர, ற, ல, ள, ழ ஒலிகளை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வழியாகவே ஆராய்ந்து பேச்சொலி ஆய்வாளர் ஸ்ரீகாந்த் நாராயணன் குழுவினர் 1999இல் கட்டுரை வெளியிட்டார்கள். ‘ள’ சொல்லும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டும், காற்று பக்கவாட்டில் போகும். ‘ழ’வில் நுனி மேலெழும்பும், ஆனால் ஒட்டாது. நுனிநாக்கு எழுந்து அண்ணத்தை வருடினால் ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று தொல்காப்பியம் எப்போதோ சொல்லிவிட்டது. வருடினால் போதும் சாமி, முட்டித் தள்ள வேண்டாம்.

பெற்றோரை மட்டும் திட்டிப் பயனில்லை. 2008இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணக்கெடுப்பில், இப்படிப்பட்ட பயிற்சிகளைத் தருவதாக எங்கள் தொழில்காரர்களே 85 சதவீதம் பேர் சொன்னார்கள்.

சரி, வேறு என்ன செய்வது? நான் ‘கம்பி’ படத்தையும் ‘தம்பி’ படத்தையும் மேசையில் வைப்பேன். குழந்தை கம்பியைக் கேட்பதாக நினைத்துத் “தம்பி” என்னும். நான் தம்பி படத்தை எடுத்து நீட்டுவேன். முகத்தைப் பார்க்க வேண்டுமே! “இது இல்ல, தம்பி!” என்று இன்னும் சத்தமாகக் கேட்கும். மறுபடியும் தம்பிதான் கிடைக்கும். தான் சொல்வது எதிராளிக்கு வேறாகக் கேட்கிறது என்பது உறைக்கிற இடம் அது. வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது, முழுக்க முழுக்கப் பேச்சிலேயே.

முதலில் காதைப் பரிசோதியுங்கள். “டிவி சத்தம் கேட்டா ஓடி வருவான்” என்பது பரிசோதனை அல்ல. சில குழந்தைகளுக்குக் குரல் கேட்கும், ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் நழுவும். ‘ப’, ‘ட’ சொல்லும்போது மூக்கு வழியாகக் காற்று போனால் அண்ணத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பேச்சு தெளிவாகும் என்று நம்பி நாக்கின் அடியில் உள்ள சவ்வை வெட்ட ஓடாதீர்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. நான்கு வயதுக் குழந்தையின் பேச்சு வெளியாளுக்குப் பெரும்பாலும் புரிய வேண்டும். புரியவில்லையா, “தானா சரியாயிடும்” என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் மூன்று வயதில் ‘ழ’ வரவில்லை என்று யாரும் பதறி வர வேண்டாம், தயவுசெய்து. பெரியவர் யாருக்காவது திடீரென்று பேச்சு குழறினால் என்னிடம் வரவே கூடாது. நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள், பக்கவாதமாக இருக்கலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உறவினர் முன்னால் குழந்தையை நிறுத்தி “எங்கே, காக்கா சொல்லு” என்று வேடிக்கை காட்டாதீர்கள். அது ‘தாத்தா’ என்றால், “ஆமா, காக்கா பறக்குது” என்று நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள். என்னைப் பார்க்க வரும்போது, வீட்டில் அது இயல்பாகப் பேசுவதை இரண்டு நிமிடம் கைபேசியில் பதிவு செய்து எடுத்து வாருங்கள். என் அறைக்குள் நுழைந்ததும் பாதிப் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை.