வயிறு வலிக்கும்போது உடம்பு ஏன் குளிர்கிறது?

வீரவநல்லூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். அவருடைய ஆச்சிக்கு வலது மேல்வயிற்றில் வலி. சாயங்காலம் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது. சித்திரை வெயிலில் மூன்று போர்வை போர்த்தியும் பல் கிட்டியிருக்கிறது. குடலேற்றம் என்று எண்ணெய் போட்டு இரண்டு நாள் வயிற்றைத் தடவியிருக்கிறார்கள். பிறகு மருத்துவமனையில் பித்தக்குழாயில் கல் என்று கண்டுபிடித்து, வாய்வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிட்டார்கள். “கல் இருந்தது வயிற்றில், குளிர் ஏன் உடம்பெல்லாம் வந்தது?” என்று கேட்கிறார்.

வயிற்று வலியும் குளிர் நடுக்கமும் சேர்ந்து வரக் காரணங்கள் பல உண்டு. டைபாய்டு, மலேரியா, ஈரலில் சீழ்க்கட்டி, பெண்களுக்குக் கருப்பைக் குழாய்த் தொற்று, மலையடிவார ஊர்களில் உண்ணிக்காய்ச்சல் எல்லாவற்றிலும் இவை வரலாம். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலியோடு நடுக்கமும் வந்தால், குடல்வாலில் சீழ் பிடித்திருக்கலாம். அந்த வயிற்றை எண்ணெய் போட்டு அழுத்தித் தடவுவது ஆபத்து. ஆனால் ஆச்சிக்கு வந்தது அடைப்பு. அதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஈரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பித்தநீர் சுரக்கிறது. அது ஒரு சிறு குழாய் வழியாகக் குடலுக்கு இறங்குகிறது. குழாயில் கல் சிக்கினால் நீர் தேங்கும். தேங்கிய நீரில் குடல் பாக்டீரியாக்கள் பெருகும். தாமிரபரணிக் கால்வாய்களில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று நம் விவசாயிகளுக்குத் தெரியும். தண்ணீர் ஏறி, கரையின் இளகிய இடம் பார்த்துக் கசியும்.

ஈரலுக்குள் அந்தக் கரை வியக்கவைக்கும் அளவுக்கு மெல்லியது. ஒரு பக்கம் பித்தநீர், மறுபக்கம் இரத்தம், நடுவில் ஈரல் செல்களின் ஒரே வரிசை. பித்தக்குழாயின் இயல்பான அழுத்தம் சுமார் 10 செ.மீ. உயரத் தண்ணீரின் அழுத்தம்தான், ஒரு டம்ளர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 25 செ.மீ. அளவைத் தாண்டினால் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் விலகி, கிருமி கலந்த பித்தநீர் இரத்தத்தில் இறங்குகிறது. இரண்டரை டம்ளர் உயரம், அவ்வளவுதான்! வலி, குழாய் விரிவதால் வருகிறது. நடுக்கம், இந்தக் கசிவால் வருகிறது.

இந்தப் பாக்டீரியாக்களின் மேலுறையில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்குச் சில நானோகிராம் இரத்தத்தில் கலந்தாலே போதும், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கிவிடும். வெள்ளணுக்கள் அதைக் கண்டதும் செய்தி அனுப்புகின்றன. உடல்சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸில் புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. 37 டிகிரி செல்சியஸில் இருந்த உடல்சூட்டின் இலக்கு 39, 40 என்று உயர்த்தப்படுகிறது. அந்த நிமிடம் முதல் 37 டிகிரி இரத்தம் மூளைக்குக் குளிர்ந்த இரத்தம். தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்க, கைகால் சில்லிடுகிறது. மயிர்க்கால்கள் சிலிர்க்கின்றன. தசைகள் துடித்துத் துடித்துச் சூட்டை உண்டாக்குகின்றன. நடுக்கம் தொடங்கும்போது வெப்பமானியில் காய்ச்சலே தெரியாமல் போகலாம் என்பதும் இதனால்தான். அரைமணி கழித்து மறுபடி வைத்துப் பாருங்கள்.

உடல்சூடு புதிய இலக்கைத் தொட்டதும் நடுக்கம் தானாக நிற்கும். “இப்போது தேவலை” என்பார் நோயாளி. அப்போதுதான் வெப்பமானி 103 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும். நடுங்கும் நேரத்தில் மந்திரித்துத் திருநீறு போட்டவருக்குப் பேர் கிடைப்பதும் இந்த இடத்தில்தான். அன்பினால் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நின்றது நடுக்கம், அடைப்பு அப்படியே இருக்கிறது. பாராசிட்டமாலும் இலக்கைத்தான் கீழே இறக்கும், கல்லை நகர்த்தாது.

வலி, நடுக்கத்தோடு கூடிய காய்ச்சல், மஞ்சள் கண் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பித்தக்குழாய்த் தொற்று என்று பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ 1877இல் எழுதினார். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவதும் ஓர் அடையாளம். வலி விலாவிலிருந்து தொடை இடுக்குக்கு இறங்கி, கூடவே குளிரும் வந்தால் சிறுநீரகத்தில் இதே கதை. நம் வெயிலில் கல்லடைப்பு யாருக்கும் புதிதல்ல. வாழைத்தண்டுச் சாறு குடித்துக் காத்திருப்பார்கள். குளிர் வந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எந்தக் கிருமி என்று அறிய, ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன்பே இரத்தம் எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வசதி ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புதிய கட்டடங்களுக்கு முன்னால் இதற்குப் பணம் ஒதுக்கலாம்.

ஆச்சிக்குச் செய்த முறை 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தொடங்கியது. வாய்வழியாகச் சிறுகுடல்வரை குழாயை இறக்கி, பித்தக்குழாய் திறக்கும் சிறு முனையை மெல்லக் கீறுகிறார்கள். தேங்கிக் கலங்கிய பித்தநீர் குபுக்கென்று குடலுக்குள் பாய்வது திரையில் தெரியும். அழுத்தம் இறங்குகிறது, கசிவு நிற்கிறது. அன்றிரவே ஆச்சி போர்வையைத் தள்ளிவிட்டுக் காற்றாடி போடச் சொன்னாராம்.